நான்காம் இரைப்பையும் ஹார்மோன் மோகமும்

பசித்தால் ஒரு ஹார்மோன், ஜீரணித்தால் இன்னொரு ஹார்மோன், பால் இறங்காவிட்டால் அதற்கும் ஓர் ஊசி என்று, பிராணிகளின் சகல காரியங்களையும் இரத்தத்தில் ஓடும் சில ரசாயனங்களின் ஆக்ஞையாகவே விளக்கிவிடும் மோகம் இன்று கால்நடை விஞ்ஞானத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியில் எருமை வளர்ப்பவர்கூட இந்தப் பேச்சுக்குத் தப்பவில்லை. நாயின் வயிற்றைக் கொண்டு மாட்டின் வயிற்றை அளந்த பழைய பிழையே புதுவேஷம் பூண்டு வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆரம்ப சரித்திரம் தெரிந்ததே. பாவ்லோவ் நாயின் இரைப்பையில் சிறு பையொன்று அமைத்து, ஜீரண நீர் நரம்பின் ஏவலால் சுரப்பதைக் காட்டினார். 1902-ல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் செக்ரிடின் என்ற ஹார்மோனைக் கண்டு, நரம்பின் துணையின்றி இரத்தத்தின் வழியாகவும் ஏவல் செல்லும் என்று ஸ்தாபித்தனர். 1905-ல் எட்கின்ஸ் அறிவித்த, இரைப்பையில் அமிலம் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரினோ, அது வெறும் ஹிஸ்டமின்தானோ என்ற சந்தேகத்தில் அரை நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்து, 1964-ல் கிரிகரியும் டிரேசியும் பன்றியின் இரைப்பையிலிருந்து அதைப் பிரித்தெடுத்த பிறகே மதிப்புப் பெற்றது. நாய், பூனை, பன்றி. அசைபோடும் ஜீவனுக்கு இந்தச் சபையில் இடமில்லை.

அதற்கு இடம் தேடித் தந்தவர்கள், ஆடுகளோடு ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வாழ்ந்த, இன்று எவரும் பெயர் சொல்லாத ஒரு தலைமுறையினர். அசைபோடும் பிராணிகளில் அமிலம் சுரக்கும் நான்காம் இரைப்பை வேளை பார்த்துச் சுரப்பதன்று, இடையறாது சுரப்பது என்று ஹில் 1955-ல் எழுதினார். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துவிட்டு வெள்வேல மரத்து நிழலில் படுத்து, கண் பாதி மூடி, ஒரு கவளத்தை மேலே வரவழைத்து மென்று விழுங்கி, சற்றே நிறுத்தி அடுத்ததை வரவழைக்கும் காங்கேயம் பசுவைப் பார்த்தவருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். அதற்கு வேளைச் சாப்பாடு என்பதே இல்லை. முன்னிரைப்பைகளிலிருந்து நொதித்த தீனி ஓயாமல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வரத்தை ஒட்டியே அமிலம் ஏறி இறங்குவதை ஆஷ் 1961-ல் அழகாக நிறுவினார். தீனியைக் காட்டி ஆசைமூட்டினாலே ஆட்டின் சுரப்பு பெருகும் என்று 1970-ல் மெக்லேயும் டிட்சனும் காட்டியதில் நரம்பின் பங்கும் வெளிப்பட்டது. காஸ்ட்ரினுக்கும் இதில் வேலை உண்டு; யஜமானன் அது அன்று. நான்காம் இரைப்பையில் புழுக்கள் குடியேறி அமிலம் குன்றிய ஆடுகளின் இரத்தத்தில் காஸ்ட்ரின் மிகுந்திருக்கக் கண்டனர். காஸ்ட்ரின் ஏறியும் அமிலம் குன்றியே கிடந்தது.

ஹார்மோனின் மெய்யான பிரதாபத்தைக் காண விரும்புகிறவர்கள் மெல்போர்ன் நகரத்து டெரிக் டென்டனைப் படிக்க வேண்டும். முதல் மூன்று இரைப்பைகளிலும் ஜீரணச் சுரப்பிகளே கிடையா; அங்கே உள்ள நீரில் பெரும்பங்கு, ஒரு பசு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேலாகச் சுரக்கும் உமிழ்நீரே. ஆட்டின் அட்ரீனல் சுரப்பியைக் கழுத்துக்கே இடம் மாற்றிவைத்து ஆராய்ந்த டென்டன், உடலில் உப்புக் குறைந்தால் அச்சுரப்பியின் ஹார்மோனான ஆல்டோஸ்டெரோன் சுரந்து, உமிழ்நீரில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தை ஏற்றுவதை விளக்கினார். இத்தகைய நுட்பத்துக்குக் கிடைக்காத விளம்பரம், 1999-ல் எலியின் இரைப்பையில் அகப்பட்ட கிரெலினுக்குக் கிடைத்தது. பசி ஹார்மோன் என்ற பட்டமும் உடனே சூட்டப்பட்டது.

1903-ல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வழிவந்தோர், கிரெலின் அளவுகளைப் பட்டியலிடுவதைச் சற்றே ஒத்திவைத்து, இங்கேயே கேட்கத்தக்க கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். கோடையில் காய்ந்த புல்லை மட்டுமே தின்னும் காங்கேயத்தின் உமிழ்நீரில் சோடியம் எவ்வளவு குறைகிறது? கறவை எருமைக்கு ஊறவைத்து ஆட்டிக் கொடுக்கும் பருத்திக்கொட்டையின் எண்ணெய் குடலில் இறங்கும்போது, தீனி விருப்பத்தைக் குறைக்கும் கோலிசிஸ்டோகைனின் எந்த அளவில் கூடுகிறது? இரண்டும் ஹார்மோன் பற்றிய கேள்விகளே. ஆனால் ஊசியிலிருந்து தொடங்காமல், தீனித் தொட்டியிலிருந்து தொடங்குபவை.