கருப்பொருள் களைந்த நெய்தல்

விளம்பரத்தை இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் கொண்டுவருவதை நம் பண்டிதர் சிலர் விரும்பமாட்டார்கள். ஆயினும், ஒரு காலத்து மக்கள் எவ்வெழுத்தை மிகுதியாகப் படிக்கிறார்களோ, எவ்வெழுத்தின் வாயிலாக நிலத்தையும் கடலையும் மனிதரையும் கற்பனை செய்யப் பழகுகிறார்களோ, அவ்வெழுத்தை விமர்சகன் புறக்கணித்தல் தகாது. தீவுகளைப் பற்றி இன்று உலகில் மிகுதியாக வெளிவரும் உரைநடை புலவர்களோ புவியியலாளர்களோ எழுதுவதன்று. உல்லாசப் பிரயாண நிறுவனங்கள் எழுதுவிப்பது. அதற்கும் ஒரு மரபு உண்டு. அணிகளும் தேய்ந்த உவமைகளும் உண்டு. ஆகவே அதனை ஆராயவும் வேண்டும்.

அவ்விளம்பரங்களில் வரும் தீவை நாம் அனைவரும் அறிவோம். முன்னே வெண்மணல், மணலுக்கு அப்பால் பளிங்கு போன்ற நீர், நீரின் அடியில் பன்னிற மீன்கள் உலாவும் முருகைக்கற்பார், பின்னே அடர்ந்த மழைக்காடு, இவற்றின் நடுவே வெளியில் ஓலைக் கூரையின் கோலமும் உள்ளே குளிரூட்டிய அறையும் கொண்ட விடுதி. இத்தீவு பசிபிக் சமுத்திரத்தில் இருக்கலாம். மலேசியக் கரையோரத்திலும் இருக்கலாம். பெயரை மாற்றினாற் போதும். வருணனையை மாற்ற வேண்டியதில்லை. இடத்தை வருணிப்பதாகத் தொடங்கி, இடத்தின் தனித்தன்மை அனைத்தையும் அழித்துவிடுவதே இவ்வுரைநடையின் முதற்பண்பு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைக்காடு இல்லை. இலங்கையின் பெயர்பெற்ற மழைக்காடாகிய சிங்கராஜவனம் தென்மேற்கே ஈரவலயத்தில் உள்ளது. நமக்கோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுதானும் கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல் நிலத்தினுள் இறங்கிக் கிணற்றில் ஊறினால் உண்டு. நெடுந்தீவில் முருகைக்கல் என்பது கடலடிக் காட்சிப்பொருள் மட்டுமன்று. அதுவே வளவின் வேலி. சாந்து இன்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முருகைக்கல் மதில்கள் அங்கே காணிகளைப் பிரித்து நிற்கின்றன. அக்கல்லை அடுக்கியும், சுட்டுச் சுண்ணாம்பாக்கியும் வாழ்ந்த தலைமுறைகள் பல. இவ்வாறு வறண்டதும், உழைப்பினால் வாழத்தக்கதாக ஆக்கப்பட்டதுமான நிலத்தின்மீதே, 2009இல் போர் முடிந்தபின், மேற்கூறிய அச்சுவார்ப்புத் தீவின் படம் பொருத்தப்பட்டு வருகிறது. மழைக்காட்டுக்குப் பதிலாகப் பனையைச் செருகிக்கொள்கிறார்கள். எஞ்சியதெல்லாம் பழைய பாடந்தான். தீண்டப்படாத கடற்கரை என்கிறார்கள். இன்னும் கண்டறியப்படாத தீவு என்கிறார்கள். யாரால் கண்டறியப்படாதது? அங்கே பிறந்து, மணந்து, இறந்தவர்கள் கண்டது கணக்கில் வாராதோ?

இவ்வுரைநடையை அளக்க மேனாட்டு அளவுகோலைத் தேடிப் போகவேண்டிய தேவை நமக்கில்லை. தொல்காப்பியர் அகத்திணைக்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தவை. உரிப்பொருளே அனைத்தினும் சிறந்தது. நெய்தற் பாட்டில் கடல் வந்தால் வலை வரும். வலை வந்தால் பரதவர் வருவர். உப்பு வந்தால் உமணரின் வண்டி வரும். மீன் உணங்கும் மணலில் பறவையை ஓட்டியபடி ஒரு பெண் இருப்பாள். தலைவியின் இரக்கத்துக்கு அலையோசை துணைநிற்பது, அந்த அலையில் அவளைச் சார்ந்தோர் இறங்கி உழைப்பதனாலேயே. மனிதத் தொழில் அற்ற நிலம் என ஒன்று திணை மரபில் இல்லை.

விளம்பர உரைநடை செய்வது யாது? முதற்பொருளை எடுத்துக்கொள்கிறது, அதிலும் வாடையும் புயலும் இல்லாத ஒரே பொழுதையே ஏற்கிறது. கருப்பொருளில் மரத்தையும் பறவையையும் மீனையும் பொறுக்கிக்கொண்டு தொழிலைக் களைந்துவிடுகிறது. உரிப்பொருளின் இடத்தில், வந்து தங்குபவரின் ஓய்வை வைக்கிறது. நிலம் ஓரிடத்தது, உள்ளம் வேற்றிடத்தது. தொழிலை ஏன் களையவேண்டும்? வலை காயும் மணல், உரியவர் உள்ள மணல். உரியவர் உள்ள நிலத்தைக் கண்டறிவதும் அரிது, குத்தகைக்குக் கொடுப்பதும் அரிது. ஆகவே, இங்கே அழகியல் என்று தோன்றுவது உண்மையில் காணி உறுதியைப் பற்றிய விடயம்.

இதற்கு நீண்ட வமிச வரலாறு உண்டு. 1719இல் வெளிவந்த டானியல் டீஃபோவின் ராபின்சன் குரூசோ, ஆளில்லாத் தீவைத் தன்னந்தனியே ஆள்பவனின் கதை. பின்னர் அங்கு வந்துசேரும் சுதேசிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கும் என்ற எண்ணமே குரூசோவுக்கு எழவில்லை. கிழமையின் பெயரையே சூட்டி அவனைப் பிரைடே என்று அழைக்கிறான். 1857இல் ஆர். எம். பலன்டைன் எழுதிய முருகைத் தீவு என்னும் சிறுவர் நாவலில் மூன்று ஆங்கிலேயச் சிறுவர்கள் பசிபிக் தீவொன்றை விளையாட்டுத்திடல் போல அனுபவிக்கிறார்கள். நூலாசிரியர் அத்தகைய தீவைக் கண்ணாற் கண்டவரல்லர். ஸ்கொத்லாந்தில் இருந்துகொண்டே எழுதியவர், அந்நாட்டுக் கடைகளில் விற்கப்படும் கோலத்திலேயே தேங்காய் மரத்தில் காய்க்கிறதென்று எண்ணி, மட்டையை மறந்துவிட்டார். அலவாங்கு நட்டுத் தேங்காய் உரிக்கும் நம்மூர்ச் சிறுவன் இதைப் படித்தால் நகைப்பான். ஆனால் இத்தவறு தற்செயலானதன்று. பொருள் கடைக்கு வந்த கோலத்தை மட்டும் அறிந்தவனுக்கு, அதை உரித்த கை தெரிவதில்லை.

1954இல் வில்லியம் கோல்டிங், பலன்டைனின் சிறுவர்களது பெயர்களாகிய ரால்ஃப், ஜாக் என்பவற்றையே தம் பாத்திரங்களுக்கும் சூட்டி, லோர்ட் ஒவ் த ஃபிளைஸ் என்னும் நாவலில் அந்தக் கனவை உடைத்தார். நாகரிகக் குழந்தைகளுக்குள்ளே கொலைவெறி உண்டெனக் காட்டினார். அது பெரிய நூல்தான். ஆயினும் அவரும் தீவை வெறுமையாகவே வைத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்கவேண்டும். வெள்ளைச் சிறுவர் நல்லவரா தீயவரா என்பதே வழக்கு. அந்தக் கடலுக்குச் சொந்தக்காரர் யார் என்ற வழக்கு அவர் மன்றிலும் எடுக்கப்படவில்லை.

கற்பனை கற்பனையாகவே நின்றுவிடுவதில்லை என்பதற்கு இந்து சமுத்திரத்திலேயே சான்று உண்டு. சாகோஸ் தீவுக்கூட்டத்தை அமெரிக்கப் படைத்தளத்துக்காக ஒதுக்க முடிவுசெய்தபோது, 1966இல் பிரித்தானிய அரசாங்க அலுவலர் ஒருவர் எழுதிய குறிப்பில், அத்தீவுவாசிகளைச் சுட்டக் குரூசோவின் அடிமைப் பெயரையே பயன்படுத்தினார். பறவைகளோடு சில பிரைடேக்களும் அங்கிருப்பது ஒரு தொல்லை என்பதே அக்குறிப்பின் கருத்து. 1968க்கும் 1973க்கும் இடையில் தியாகோ கார்சியா உள்ளிட்ட தீவுகளிலிருந்து மக்கள் அனைவரும் அகற்றப்பட்டனர். நாவலில் வெறுமையாக இருந்த தீவு நிலப்படத்திலும் வெறுமையாயிற்று. 2021 ஒக்டோபரில், இலங்கையிலிருந்து தஞ்சந்தேடிக் கடலில் சென்ற தமிழர் பலர் படகு பழுதாகி அதே தியாகோ கார்சியாவில் ஒதுங்கினர். 2024 டிசெம்பர் வரை அவர்களுட் பலர் அங்கே முகாமிலேயே அடைபட்டுக் கிடந்தனர். முருகைக்கற்பார் சூழ்ந்த அத்தீவின் நீலக்கடல் அவர்களுக்கு வேலியாயிற்று.

மாலைதீவின் கதை வேறு. ஆயினும் படிப்பினை ஒன்றே. அங்கே முதல் உல்லாச விடுதி 1972இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் குரும்பா. அந்நாட்டு மொழியில் இளநீர்க்காய் என்று பொருள். நம் குரும்பை என்னும் சொல்லுக்கு அணித்தான சொல். பின்னர், குடியில்லாத் தீவு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விடுதி என்பது கொள்கையாயிற்று. குடியுள்ள தீவுகளில் உள்ளூரவர் விருந்தகம் நடத்த 2009 அளவிற்றான் வழி பிறந்தது. அதுவரை ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம், அந்நாட்டு மக்களுட் பெரும்பாலோர் தம் நாட்டின் பெரிய கைத்தொழிலுக்குள் தொழிலாளராக மட்டுமே நுழைய முடிந்தது.

இனி நம் கரைக்கு வருவோம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர்நடுவில் நிற்கிறது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது; 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. இலங்கைத் தீவு பன்றித்தொடை வடிவினது என்று கருதிய ஒல்லாந்தர், அத்தொடையின் குதிப்பகுதியில் இக்கோட்டை அமைந்திருப்பதாகக் கண்டு ஹமன்ஹீல் என்று பெயரிட்டனர். நாட்டையே உணவுப்பொருளாகக் கண்ட அப்பெயர், காலனித்துவத்தின் வாக்குமூலமாக இன்றும் வழங்குகிறது. பிரித்தானியர் காலத்தில் தொற்றுநோயாளரும், 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் கைதிகளும் அதற்குள் வைக்கப்பட்டனர். இன்று அது கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதி. காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் விடுதியின் பெயர் தல்செவன. பனைநிழல் என்று பொருள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் முகாம்களின் தகரக் கூரையின்கீழ் இருந்த காலத்தில், அவர்களது ஊர்ப் பனைநிழல் நாள்வாடகைக்கு விடப்பட்டது. மயிலிட்டி மீனவருக்கு அவர்களுடைய துறைமுகம் 2017 ஜூலையில், 27 ஆண்டுகள் கழித்து விடுவிக்கப்பட்டது. வலிகாமம் வடக்கின் காணிகள் முழுவதும் இன்னும் மீளவில்லை. கோட்டையின் கனத்த சுவரையும் மாலைச் சூரியனையும் வருணிக்கும் உரைநடையில் இவற்றுக்கு ஒரு வாக்கியமும் இல்லை.

இதே தீவுகளை நம் எழுத்தாளர் எவ்வாறு கண்டனர்? செங்கை ஆழியானின் வாடைக்காற்று 1973இல் நூலாக வந்து, 1978இல் திரைப்படமும் ஆயிற்று. களம் நெடுந்தீவு. பருவக்காற்றோடு வேற்றிடத்து மீனவர் வந்து வாடி அமைக்கின்றனர். உள்ளூராருக்கும் அவர்களுக்கும் இடையே தொழிற்போட்டியும் காதலும் பகையும் மூளுகின்றன. நாவலின் பெயரே ஒரு பொழுதின் பெயர். முதல், கரு, உரி மூன்றும் அங்கே ஒருங்கே இயங்குகின்றன. காற்று மாறினால் தொழில் மாறும், தொழில் மாறினால் மனித உறவு மாறும். கதைப்போக்கில் திரைப்படத்துக்குரிய மிகையுணர்ச்சி உண்டென்று குறைகூறலாம். நிலத்தின் உண்மை பற்றிக் குறைகூற இயலாது.

புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் காற்றுவெளிக் கிராமம் 1995இல் வெளிவந்தது. 1990களின் தொடக்கத்தில் போரினால் மக்கள் பெயர்ந்துபோன தீவகத்தின் வெறுமையே அதன் பொருள். நம் ஆராய்ச்சிக்கு இத்தொகுதி இன்றியமையாதது. ஏனெனில் விளம்பரம் விரும்பும் ஆளற்ற தீவு இங்கே மெய்யாகவே உருவாகிவிட்டது. திறந்து கிடக்கும் வீடு, மனிதக் குரலற்ற தெரு, காற்று மட்டும் உலாவும் வெளி. கவிஞருக்கு அது இழப்பு. விளம்பரத்துக்கு அதுவே முதல். ஒரே வெறுமையை ஒருவர் கணக்கில் பற்றாகவும் மற்றவர் கணக்கில் வரவாகவும் எழுதுகிறார்கள். 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட கடலும் இதுவே. அமைதியான நீர்ப்பரப்பு என்று இதனை எழுதுபவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார்.

நம்முடைய மரபையும் தப்பவிடலாகாது. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலும் வகுப்பறைகளிலும் நெய்தற் பாட்டின் நயத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுவைத்தவர்களுள் எத்தனை பேர், பரதவர் குழந்தையை அதே வகுப்பறையில் சமமாக இருத்தினர்? பாட்டில் மீன் மணக்கலாம், பக்கத்து வாங்கில் மணக்கலாகாது என்பதன்றோ அன்றைய ஒழுக்கம்? தீண்டாமையை விதியாகக் கொண்ட சமூகத்தில் தீண்டப்படாத கடற்கரை என்ற தொடர் எவ்வளவு எளிதாகச் செல்லுபடியாகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். சிலர் தீண்டியதைத் தீண்டலாகவே கொள்ளாத கண்ணை நாமும் வளர்த்திருக்கிறோம். விளம்பரக்காரர் அக்கண்ணை இரவல் வாங்கிக்கொண்டார்.

உல்லாசப் பிரயாணிகள் வரவே கூடாதா, வேலைவாய்ப்பு வேண்டாவா என்று சிலர் கேட்பர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்ற நாடு நம் நாடு. அந்நியச் செலாவணியின் தேவையை மறுப்பது பேதைமை. வரட்டும். நெடுந்தீவின் மதில்களையும் பெருக்குமரத்தையும் பார்க்கட்டும். நம் வினா வேறு. விடுதி நிற்கும் நிலம் யாருடையது? ஆதாயம் எவர் கைக்குப் போகிறது? உள்ளூர்ப் பெண்ணுக்கு அங்கே கிடைப்பது படுக்கை விரிக்கும் வேலை மட்டுமா, பங்காளி என்னும் இடமா? படகை இழுத்தேற்றும் கரைக்கு மறுநாளும் வழி இருக்குமா? முருகைக்கற்பாரின் அழகில் உருகும் விளம்பரம், கடலடியை வாரிச் செல்லும் இழுவைப்படகுகளுக்கு எதிராக நம் மீனவர் ஆண்டாண்டாக நடத்தும் போராட்டத்தைப் பற்றி ஏன் வாய்திறப்பதில்லை? கடலைக் காப்பவர் சித்திரத்தில் இல்லை. பார்ப்பவர் மட்டுமே இருக்கிறார்.

ஆசிரியராகிய நம் கையில் ஒரு சிறு கருவி இருக்கிறது. முதல், கரு, உரி என்பதைப் பரீட்சைக்கு மனனஞ்செய்யும் அட்டவணையாகவே கற்பித்து வருகிறோம். அதை வாசிப்பின் கருவியாக மாற்றலாம். விடுதி விளம்பரம் ஒன்றை வகுப்பில் வைத்து, இதில் எந்தக் கருப்பொருள் விடுபட்டுள்ளது என்று கேட்போம். தொழில் விடுபட்டிருப்பதை மாணவர் கண்டுகொள்வர். அத்தொழிலைச் செய்தவர் இப்பொழுது எங்கே இருக்கிறார் என்பது அடுத்த வினா. அதற்கு விடை பாடநூலில் இல்லை. மயிலிட்டியிலும் குருநகரிலும் நெடுந்தீவிலும் இருந்து வந்து அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் உண்டு. அவர்கள் சொல்லட்டும், மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.