தஞ்சோங் காராங் இருமலுக்கு ஹோமியோபதி வாய்த்தெளிப்பான்

சளிக்கும் இருமலுக்கும் விற்கப்படும் ஹோமியோபதி வாய்த்தெளிப்பான் என்பது, தலையை அழுத்தினால் ஏறத்தாழ 0.1 மில்லிலிட்டர் திரவத்தைத் தூறலாக நாவில் தெளிக்கும் குப்பியாகும். அந்தக் கணக்கில் 30 மில்லிலிட்டர் குப்பி 300 தெளிப்புகளுக்கு வரும். புதுக்குப்பியை இரண்டு மூன்று முறை வெறுமனே அழுத்திக் குழலிலுள்ள காற்றை வெளியேற்றிய பின்பே வாயில் தெளிக்க வேண்டும். படுத்திருப்பவருக்காகக் குப்பியைச் சாய்த்தால், குழலின் நுனி திரவத்தை எட்டாமல் அளவு குறைந்துவிடும். கரண்டி தேவைப்படாமல், சிந்தாமல், செம்பனைத் தோட்ட வேலைக்குச் செல்பவரின் சட்டைப்பையில் அடங்குவதால், கருவி என்ற வகையில் இது நன்றாகவே அமைந்துள்ளது.

எனினும் இதை ஆஸ்துமா இன்ஹேலரோடு குழப்பிக்கொள்ளவே கூடாது. இன்ஹேலரின் மருந்துத்துகள்களில் நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள்வரை இறங்குபவை 1 முதல் 5 மைக்ரோன் அளவிலானவை (மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வாய்த்தெளிப்பானின் துளிகளோ பருத்தவையாதலால் நாவிலும் தொண்டையிலுமே படிந்துவிடுகின்றன. மூச்சுத்திணறும் பிள்ளைக்கு இன்ஹேலருக்கு மாற்றாக இதை நீட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். சுமத்ராவின் காட்டுத்தீப் புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, 2005 ஆகஸ்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்ட கோல சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்தது தஞ்சோங் காராங் என்பதால், இங்கே இவ்வெச்சரிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

குப்பிக்குள் இருப்பது என்ன என்பதை லேபிளிலுள்ள எண்ணும் எழுத்துமே தெரிவிக்கின்றன. சாமுவேல் ஹானிமன் 1796-இல் முன்வைத்த இம்முறையில் பிரையோனியா, துரோசெரா முதலிய தாவரச் சாறுகள் படிப்படியாக நீர்க்கப்படுகின்றன; ‘சி’ என்பது ஒவ்வொரு படியிலும் நூறில் ஒரு பங்காக்குவதையும், ‘எக்ஸ்’ என்பது பத்தில் ஒரு பங்காக்குவதையும் குறிக்கும். 12சி என்றால் 1-க்குப் பின் 24 சுழியங்கள் இட்ட எண்ணில் ஒரு பங்கு எனப் பொருள்படுவதால், அதற்கு மேற்பட்ட நீர்ப்பில், 30சி போன்றவற்றில், மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சியிருக்கும் என எதிர்பார்க்க இயலாது. 1எக்ஸ் அப்படியன்று, அதில் பத்தில் ஒரு பங்கு மூலப்பொருளே உள்ளது. ஹோமியோபதி என்ற பெயரில் விற்கப்பட்ட, துத்தநாகம் கலந்த ‘சிகாம்’ மூக்குப்பூச்சைப் பயன்படுத்தியோர் பலர் மோப்ப உணர்வை இழந்ததாக முறையிட்டதால், 2009-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைப் பயன்படுத்த வேண்டாமென எச்சரித்தது. ஆகவே ஹோமியோபதி என்ற சொல்லே தீங்கின்மைக்கு உறுதியாகிவிடாது.

பலன் பற்றிய தீர்ப்பும் இதற்குச் சாதகமாக இல்லை. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம், ஹோமியோபதி பயனளிப்பதாக நம்பத்தக்க சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என 2015-இல் அறிவித்தது. சாதாரணச் சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே தணிவதால், இடையில் தெளித்த மருந்துக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்வது இயல்பே. மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் ஹோமியோபதியை ஒரு மருத்துவத் துறையாக ஏற்று, அதைச் செய்வோரை ஒழுங்குபடுத்துகிறது. அவ்வேற்பு ஒரு குப்பியின் குணத்துக்குச் சான்றாகாது.

தொண்டை ஈரமாகும் இதத்துக்காக ஒருவர் இதை விரும்பினால், பல தயாரிப்புகளில் மதுசாரம் சேர்வதுண்டு என்பதால், குழந்தைகளுக்குத் தருமுன் சேர்மானங்களைப் படிக்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு மேலும் ஒரு குப்பி வாங்குவதைவிட, குடிமக்களுக்கு 1 ரிங்கிட் கட்டணமுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்கில் சளியைக் கொடுத்துக் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.