வடைத் தட்டு

திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸின் வாயிலில், முன்பணம் கட்டிப் பெற்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முறைக்காகக் காத்து நின்றபோது, என்னை அழைத்துச் சென்ற சென்னை நண்பர், "உங்க யாழ்ப்பாணத்துல ஹோட்டல்னு சொல்ற மாதிரி என்ன சார் இருக்கு? தேங்காய்ப்பாலும் மிளகாய்த்தூளும்தானே?" என்று விளையாட்டாகக் கேட்டார். அவருடைய உபசாரத்தில் இருந்த நான் அப்போது மறுமொழி கூறவில்லை. கூறாமல் விட்டது ஊர் திரும்பிய பின்பும் உறுத்திக்கொண்டே இருந்தபடியால் இதனை எழுதலானேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோப்பி விஷயத்தில் விவாதத்துக்கு இடமே இல்லை; டபராவில் நுரை ததும்ப அவர்கள் தருவதற்கு முன் எங்கள் மல்லிக்கோப்பி சுரத்துக்குக் கொடுக்கும் கஷாயந்தான். இட்டலியின் மென்மையும் அப்படியே. ஆயினும், இராயப்பேட்டையில் 1938ஆம் ஆண்டு உட்லண்ட்ஸைத் தொடங்கிய கிருஷ்ணராவ் உடுப்பிப் பக்கத்துக் கன்னடர் என்பதையும், சாம்பாரில் மிதக்கும் இட்டலிக்குப் பேர்பெற்ற ரத்னா கபேயை 1948இல் திருவல்லிக்கேணியில் நிறுவியவர் வடநாட்டவர் என்பதையும் நினைக்கும்போது, நண்பர் தம் பிதிரார்ஜிதமாகப் பாராட்டிக்கொண்ட கீர்த்தியில் ஒரு பங்கு வெளியாருடையது என்று எண்ணாதிருக்க முடியவில்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க மனம் வரவில்லை.

நான் அங்கே தங்கியிருந்த பதினொரு நாட்களில் என்னை அதிகம் அலைக்கழித்தவை சொற்கள். "என்ன கறி இருக்கு?" என்று நான் கேட்க, பரிமாறியவர் திடுக்கிட்டு, "சார், இது ப்யூர் வெஜ்" என்றார். காய்கறி என்னும் சொல்லில் கறியை வைத்துக்கொண்டே, தனித்து நின்றால் அதனை மாமிசமாக்கிவிட்டார்கள். நாங்களோ மரக்கறி என்ற பழஞ்சொல்லை இன்னும் சந்தையில் கூவி விற்கிறோம். பகிர்ந்து உண்பதற்கு இன்னொரு கோப்பை கேட்டேன், காபி வந்தது. எங்கள் சோற்றுக்கோப்பை அவர்களுக்குத் தட்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். எங்கள் வறை அங்கே பொரியல். எங்கள் சூசியம் அங்கே சுழியம். சொதி என்றதும் விழித்தவர்களுக்கிடையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் மட்டும், "எங்க ஊர்க் கல்யாண வீட்டுல உண்டே!" என்றார், அவரைக் கண்டது ஒன்றுவிட்ட சகோதரனைக் கண்டது போலிருந்தது.

ஆனால் நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை தேங்காய்ப்பாலைப் பற்றியதன்று. எங்கள் தேத்தண்ணிக் கடையில் நுழைந்து உட்கார்ந்தவுடன், கேளாமலே ஒரு தட்டு முன்னே வரும்: உழுந்து வடை, கடலை வடை, வாய்ப்பன், ரோல்ஸ். வேண்டியதை எடுத்து உண்டு, பிளேன்ரீயைக் குடித்து எழும்போது, "என்னென்ன எடுத்தனீங்கள்?" என்று கேட்பார்கள், உண்டவன் சொல்வதே கணக்கு. மீந்தவை அடுத்த மேசைக்குப் போவதைச் சுகாதார நோக்கில் ஆக்ஷேபிப்போர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. எனினும், உண்பதற்கு முன்பே பணத்தைக் கேட்கும் சீட்டுக்கும், உண்ட பின்பு வாய்ச்சொல்லைக் கேட்கும் தட்டுக்கும் உள்ள பேதம் எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை. பொருளாதாரத் தடையினால் மின்சாரமும் எரிபொருளும் அற்றிருந்த 1990களில், சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு, விறகடுப்பில் கொதித்த தேத்தண்ணியை நாங்கள் குடித்த நாட்களிலும் அந்தத் தட்டு வந்தது, வடைதான் சிறுத்திருந்தது.

யாழ்ப்பாணத்துப் பெரியகடையிலுள்ள மலாயன் கபேயில், பளிங்குப் பலகை மேசையில் வாழையிலை விரித்துச் சோறும் கறிகளும் மீண்டும் மீண்டும் இடுவார்கள். உண்டு முடித்தவர் கனவானாயினும் கூலியாளாயினும் தம் இலையைத் தாமே மடித்து, அதற்கென உள்ள துவாரத்தில் இட்டுவிட்டுக் கைகழுவப் போவார். சென்னையில் நான் உண்ட இடங்களில் எச்சில் இலையை எடுப்பதற்கென்று ஒருவர் பின்னால் நின்றார். அவர் நின்றவரையில் எனக்கு மோர்ச்சோறு இறங்கவில்லை.

இப்போது சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேரே விமானம் இருக்கிறது. நண்பர் ஒருமுறை வரவேண்டும். கோப்பி கேட்க வேண்டாம், தேத்தண்ணி கேட்கட்டும். எத்தனை வடை எடுத்தாரென்று அவரே சொல்லட்டும்.