சமசம்பளமும் கொழுந்துத் தராசும்

குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் சேர்ந்து எழுதி 2015இல் வெளிவந்த ஆங்கில நூல், இலங்கைத் தோட்டங்களில் வர்க்கம், ஆணாதிக்கம், இனத்துவம் மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று ஆராய்கிறது. இரு நூற்றாண்டு வரலாற்றை விரித்தாலும் அதன் மையக் கருத்து தெளிவானது. தோட்டத்துப் பெண்ணை அடக்கியது துரையின் அதிகாரம் மட்டுமல்ல. சாதியும் மதமும் வீட்டு வழமையும் அதனோடு கூடி நின்றன. இதனையே நூல் 'தோட்ட ஆணாதிக்கம்' என்கிறது.

இக்கருத்தின் பலத்தை இன்றைய மலையிலும் காணலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் 1984இல் சமமாக்கப்பட்டது. கவ்வாத்து, மருந்தடிப்பு போன்ற 'ஆம்பள வேல' கணக்கு முடிந்தால் பெரும்பாலும் பிற்பகலிலேயே முடிந்துவிடும். கொழுந்தெடுப்பவளோ மாலைத் தராசு வரை நிற்க வேண்டும். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்த பிறகு நிறை குறைந்தால், "அரைப் பேருதான்" என்று எழுதிவிடுவார்கள். அதன் பிறகு லயத்தில் அடுப்பு காத்திருக்கும். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று தொகையைப் பற்றியே பேசினோம். அந்தத் தொகைக்கு யார் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று கேட்கவில்லை. பெண்களின் சந்தாவில் வளர்ந்த தொழிற்சங்கங்களின் தலைமை ஆண்களிடமே இருப்பதற்கும் இதற்கும் தொடர்புண்டு.

நூலோடு நான் முரண்படும் இடம் ஒன்றுண்டு. அடக்குமுறையின் தூண்களில் ஒன்றாக மதத்தை எண்ணும்போது, அதே மதத்துக்குள் இருக்கும் நீதிக்குரலுக்குப் போதிய இடம் கிடைப்பதில்லை. பெண் சம்பாதித்ததில் பெண்ணுக்கே பங்கு என்பது சூறத்துன் நிஸாவின் 32ஆம் வசனத்தின் கருத்து. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள்.

ஆனால் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நின்றால் நூலாசிரியர்களின் குற்றச்சாட்டே வெல்லும். ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நம்மவர் கடைகள் தோட்டத்துச் சம்பளத்தால் ஓடுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் அக்கடைகளில் வேலைக்கு நிற்கும்போது, அவர்களுக்கு நியமனக் கடிதம் இருக்கிறதா? 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி செலுத்த வேண்டிய 12 வீதம் சேமலாப நிதிக்குப் போகிறதா? வசனத்தை ஓதுகிற நாம்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.