பச்சையெல்லாம் காடு அல்ல

பழனி மலை பற்றி 2018-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை இது. அரசுமணி, வி.வி. ராபின் உள்ளிட்ட குழு எழுதியது. 40 வருஷச் செயற்கைக்கோள் படங்களோடு களத்திலும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். மலையுச்சிப் புல்வெளியில் 66 சதவீதம் காலி. சோலைக்காட்டில் போனது 31 சதவீதம். புல்வெளியைப் பெரும்பாலும் விழுங்கியது வாட்டில் போன்ற அயல் மரத்தோட்டங்கள், மிச்சம் விவசாயம்.

"காடு அழியுது" என்ற வழக்கமான புலம்பலோடு நிற்காமல், அதிகம் அழிந்தது புல்தான் என்று காட்டியதே இதன் பலம். அரசுக் கணக்கில் இது தெரியாது. இந்திய வன அளவை நிறுவனத்துக்கு, ஒரு ஹெக்டேரில் மர நிழல் 10 சதவீதம் இருந்தாலே அது வனப்பரப்பு. என்ன மரம்னு கேள்வியே இல்லை. புல்வெளியில் வாட்டில் பரவினால் வனம் 'கூடும்'! எங்கள் பாஷையில், கோடு சரி, டெஃபினிஷன்தான் தப்பு.

ஒரு குறை. கட்டுரை நிலத்தோடு நின்றுவிடுகிறது. ஓடைத் தண்ணீர் என்னாச்சு என்று தொடரவில்லை. வைகைக்கு நீர் தரும் மலை இது. நாரணாபுரம் மாதிரி வானம் பார்த்த பூமிக்காரனுக்கு அதுதானே முதல் கேள்வி?

மலையில் மரம் நட யாராவது கூப்பிட்டால், 1970-களில் அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். பழைய லேண்ட்சாட் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.