எச்ச உறுப்புகளும் டார்வினின் இறையியலும்

குடல்வாலுக்கும் பயன் உண்டென மருத்துவ அறிஞர் கண்டுவிட்டனர், ஆகவே டார்வினின் கொள்கை தகர்ந்தது என முழங்கும் அருளுரைகள் நம் திருச்சபைகளில் அரியன அல்ல. அதனைக் கேட்டு மகிழ்வோர் பலர். அதே ஆலயத்தில் விலங்கியல் பயிலும் மாணவன் ஒருவனும் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை அருளுரையாளர் எண்ணுவதில்லை. அவன் 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலைப் படித்திருப்பானாயின், பிரசங்க பீடத்தில் தகர்க்கப்பட்ட வாதம் அந்நூலின் வாதமன்று என்பதை அறிந்திருப்பான். அதன் பின் அவன் நம்முடைய எந்த வாதத்தை நம்புவான்? இக்காரணம் பற்றியே அந்நூலின் ஒரு சிறு பகுதியை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முதற்பதிப்பின் 13ஆம் அதிகார இறுதியில் குன்றிய உறுப்புகளைப் பற்றிய சில பக்கங்கள் உள்ளன. கருவிலிருக்கும் கன்றின் மேல்தாடையில் தோன்றி, ஈற்றைக் கிழித்து வெளிவராமலே போகும் வெட்டுப்பற்களை டார்வின் அங்குக் காட்டுகின்றார். வளர்ந்தபின் பல்லே இல்லாத திமிங்கிலங்களின் கருவில் பற்கள் தோன்றுவதையும் சுட்டுகின்றார். இவற்றினும் சிறந்த சான்று தாவரத்திலிருந்து வருகின்றது. சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் சிலவற்றில் ஆண் மலர்களிலும் சூல்தண்டு உண்டு. விதை உண்டாக்கும் பணி அதற்கு இல்லை; அதன் முடியும் குன்றிவிட்டது. ஆயினும் தண்டின்மீதுள்ள மயிர்கள் மகரந்தத்தைத் துடைத்து வெளியே தள்ளுகின்றன. இரு பணிகளுக்குரிய ஓர் உறுப்பு, தலையாய பணிக்குரிய ஆற்றலை இழந்தபின்னும் மற்றப் பணியைச் செவ்வனே செய்யக்கூடும் என்பதே இதிலிருந்து அவர் காணும் முடிவு.

ஆகவே ஓர் உறுப்பு எச்சமெனப்படுவது, அது எதற்கும் உதவாது என்பதனால் அன்று. அதன் அமைப்பு எப்பணிக்குரியதோ அப்பணி அதை விட்டு நீங்கியது என்பதனாலேயே. தமிழில் ‘எச்சம்’ என்னும் சொல் இப்பொருளை நன்கு தாங்குகின்றது. எஞ்சி நிற்பது எச்சம். வள்ளுவரும் ஒருவர் விட்டுச் செல்வதையே அச்சொல்லால் குறிக்கின்றார். ‘பயனற்ற உறுப்பு’ என்னும் வழக்கே குழப்பத்திற்கு இடமளிக்கின்றது. சொல்லின் எழுத்தில் நின்று ஒலிப்பில் மறைந்த எழுத்துகளை டார்வின் உவமை காட்டுகின்றார். அவை அச்சொல்லின் பிறப்பை அறிய உதவுகின்றனவாம். நமக்கோ ஆய்த எழுத்து இருக்கின்றது. பேச்சில் அதன் பழைய ஒலி அருகிவிட்டது. இன்று பகரத்தின் முன் நின்று பிறமொழி ஒலியொன்றைக் குறிக்கும் புதுப்பணியை ஏற்றிருக்கின்றது. புதுப்பணி கிட்டியதனால் அதன் பழைய வரலாறு பொய்யாகிவிடவில்லை.

எனினும் டார்வினை முற்றும் குற்றமற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. 1871இல் வெளியிட்ட ‘மனிதனின் வழிமரபு’ என்னும் நூலின் முதல் அதிகாரத்தில், குடல்வால் பயனற்றது மட்டுமன்று, சிற்சமயம் சாவுக்கும் காரணமாகின்றது என்று எழுதுகின்றார். 1859இல் கடைப்பிடித்த எச்சரிக்கை இங்குத் தளர்ந்துவிட்டது. பயன்படுத்தாமையின் விளைவு தலைமுறைகளுக்கு இறங்கும் என்று அவர் கொண்ட கருத்தும் பிற்கால மரபியலால் கைவிடப்பட்டது. அவருக்குப் பின் வந்தோர் இன்னும் துணிந்தனர். ஜெர்மானிய உடற்கூற்றியலார் வீடர்ஷைம் மனித உடலின் எச்சங்களுக்கு நீண்ட பட்டியல் வகுத்தார். 1925இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கில், அவர் பெயரைச் சொல்லியே 180 எச்ச அமைப்புகள் என்னும் எண் சான்றாக வைக்கப்பட்டது. இத்தகைய பட்டியல்கள் குறுகியது இயல்பே. பட்டியல் குறுகியதைக் கொண்டாடும் நம்மவர், தாம் வென்றது பட்டியலையே என்பதை மறந்துவிடுகின்றனர்.

அண்மைய ஆய்வுகள் கூறுவது என்ன? குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்குக் குடல்வால் புகலிடமாகலாம் என்னும் கருத்தை 2007இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் முன்வைத்தனர். திமிங்கிலத்தின் சிறிய இடுப்பெலும்புகள் இனப்பெருக்க உறுப்பின் தசைகளுக்குப் பற்றுக்கோடாகின்றன என்பது 2014இல் விரிவாக விளக்கப்பட்டது. தோலுக்கடியில் புதைந்த கண்ணுடைய ஒருவகைக் குருட்டு எலி உருவங்களைக் காணாது. ஆயினும் அக்கண்ணே ஒளியை உணர்ந்து இரவு பகலை அறிவிக்கின்றது. இவை யாவும் பயன்களே. ஆயினும் காலில்லாத திமிங்கிலத்திற்கு இடுப்பெலும்பு ஏன், உருவம் காணாத எலிக்குக் கண்ணின் வடிவம் ஏன் என்னும் வினாக்கள் அப்படியே நிற்கின்றன. வைட்டமின் சி ஆக்குவதற்குரிய மரபணுவின் செயலிழந்த எச்சம் மனிதரிடத்தில் இருப்பதை 1994இல் ஜப்பானிய ஆய்வாளர் விளக்கினர். மனிதக் குரங்குகளிடமும் அது செயலிழந்தே உள்ளது. பயன் தேடும் வாதம் இதற்கு விடையாகாது.

இனி இறையியலுக்கு வருவோம். எச்ச உறுப்புகள் தனிப்படைப்புக் கொள்கைக்கு இடர் விளைப்பன என்று டார்வின் கூறுமிடத்தில், படைப்பவர் பயனின்றி எதனையும் அமையார் என்னும் முற்கோள் மறைந்து நிற்கின்றது. இம்முற்கோளை வளர்த்தவர் வில்லியம் பேலி என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு. அவருடைய ‘இயற்கை இறையியல்’ 1802இல் வெளிவந்தது; இளமையில் டார்வின் அதனை விரும்பிக் கற்றார். உறுப்பின் பயனைக் காட்டிக் கடவுளைக் காக்கும் அருளுரையாளரும், பயனின்மையைக் காட்டித் தனிப்படைப்பை மறுக்கும் அறிவியலாரும் பேலியின் கைவினைஞக் கடவுளையே நடுவில் வைத்து வழக்காடுகின்றனர். பேலியோ இருவரினும் அடக்கமுள்ளவர்: மண்ணீரலின் பயன் அறியப்படாமையை ஒப்புக்கொண்டு, அது வெற்றிடத்தை நிரப்பும் மென்மையான திணிப்பாக இருக்கலாம் என்று ஊகமாக மட்டுமே கூறுகின்றார். திருமறையின் கடவுளை இவ்வாறு பயனால் அளக்க வேண்டிய கட்டாயம் யாதும் இல்லை. தம்மைத் தாமே வளர்த்துக்கொள்ளும் வடிவங்களைப் படைத்தவராகக் கடவுளை எண்ணுவதும் மேன்மையானதே என்று சார்லஸ் கிங்ஸ்லி என்னும் குரு 1859இலேயே டார்வினுக்கு எழுதினார். டார்வினும் அக்கருத்தை, எழுதியவரின் பெயரைக் கூறாமல், 1860ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்துக்கொண்டார்.

1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தைக் குடல்வாலுக்குப் பொருத்துவதையும் நாம் நிறுத்துதல் நலம். பவுல் அங்குப் பேசுவது உடற்கூற்றியல் அன்று. வலிமையுள்ளோர் வலிமையற்றோரைப் புறக்கணித்த ஒரு சபையைப் பற்றியே பேசுகின்றார். வலுவற்ற உறுப்பின் மதிப்பை அதன் பயனை ஆய்வு கண்டுபிடிக்கும் நாள்வரை நிறுத்திவைத்தால், படுக்கையில் கிடக்கும் முதியவரை நாம் எந்த வாதத்தால் மதிப்போம்?

குருமாணவர் பேலியின் நூலில் மண்ணீரலைப் பற்றிய பகுதியையும் டார்வினின் 13ஆம் அதிகார இறுதியையும் அடுத்தடுத்து வாசிப்பாராக. இரண்டு வகுப்பு நேரம் அதற்குப் போதும்.