வரலாற்று நூலும் உரையளவையும்

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இல் கோட்டை எடுத்தனர். அடுத்துள்ள கும்மிடிப்பூண்டியில் இந்நாள் ஆலைகள் எழுதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே, அத்துறைமுகத்தினின்றும் தறியாடைகள் கடல் கடந்து சென்றன. அவ்வாணிக வரலாற்றைப் போர்ச்சுகீசிய, ஒல்லாந்த ஆவணங்களினின்றும் திரட்டி எழுதினோருள் தலையாயவர் அறிஞர் சஞ்சய் சுப்ரமணியம். பொருளியல் பயின்று, 1987-இல் தில்லியில் முனைவர் பட்டம் பெற்று, 1995 வரை அங்கே கற்பித்து, பின்னர்ப் பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் ஆசிரியராய் அமர்ந்து, 2004-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் புக்கனர்.

வணிகக் கணக்கில் தொடங்கிய அவர்தம் ஆராய்ச்சி இலக்கியத்தின்பாலுஞ் சென்றது. வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன் என்னும் இருவரோடு கூடி, நாயக்கர் அரசவை பற்றி 1992-இல் ஒரு நூலும், 2001-இல் 'டெக்ஸ்சர்ஸ் ஆஃப் டைம்' என்னும் நூலும் வெளியிட்டனர். பின்னதன் கோள் இது: ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன் தென்னாட்டார்க்கு வரலாற்றுணர்வு இல்லை என்றல் பொருந்தாது, அவ்வக் காலத்து மிக்கு வழங்கிய இலக்கிய வகையினுள்ளேயே வரலாறும் எழுதப்பட்டது, நிகழ்ச்சி இது, புனைவு இது என நடையின் குறிப்பாற் கேட்போர் பகுத்தறிந்தனர். தேசிங்குராசன் கதை முதலியன ஆண்டு ஆராயப்பட்டன.

அற்றேல், தலபுராணங்களும் வரலாறாயின என்று சைவர் மகிழலாமோ எனின், அன்று. கதையெல்லாம் வரலாறு என்பது அந்நூலார் துணிபன்று; பகுத்தறிதலே துணிபு. சித்தாந்தத்துள் உரையளவை, காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாப் பொருளை உணர்த்துவது. புராணம் அதன்வழி நிற்பது. அதனை ஆண்டுக் கணக்கிற்குச் சான்றாக்குதல் உயர்த்துதலன்று. தன் நிலத்தினின்றும் பெயர்த்தலேயாம்.

எனினும், இந்நூல்கள்பாற் கூறத்தக்க குறை ஒன்றுண்டு. துறைமுகமும் அரசவையுமே அக்காலச் சமுதாயத்தின் இரு கண்களாக அவற்றுள் விளங்குகின்றன. மூன்றாவது கண் ஒன்றுளது, அது மடம். தருமபுர ஆதீனத்துக் குமரகுருபர அடிகள் 17-ஆம் நூற்றாண்டிற் காசியில் மடம் நிறுவினர். திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் மாணாக்கராகிய கச்சியப்ப முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் தணிகைப்புராணம் பாடினர். அத்தணிகையும் பழவேற்காடும் இன்று ஒரே மாவட்டத்தன. ஓரிடத்துத் துணிப்பொதிக்குக் கணக்குத் தேடிய வரலாறு, மற்றோரிடத்துப் புலமைக்கும் கணக்குத் தேடல் வேண்டும்.

அதனைத் தேடும் நெறி யாதெனின், முருகப்பெருமான் திருவிளையாடலுக்கு ஆண்டு வரையறுத்தலன்று. அப்புராணத்தைப் பாடவல்ல கல்வியை மடம் எவ்வாறு வளர்த்தது, அதனைப் புரந்தோர் யாவர், கேட்டோர் யாவர் என வினாவுதலேயாம். அந்நூலார் காட்டிய வழியும் இதற்கு மாறன்று. பிறநாட்டு மொழிகள் பயின்று அயலார் ஏடுகளில் அவர் செய்த முயற்சியைத் தமிழ் கற்ற சைவர் தம் ஏடுகளிற் செய்யாதிருப்பின், அக்குறை அவர்மேற் சாராது, சைவர்மேலதேயாம்.